இயங்குதளம் வந்தது, கையேடு எங்கே?

கடந்த 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. போதிய வன்பொருள் இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாறவும் இயலாது. பள்ளிகள், சிறு அலுவலகங்கள், தட்டச்சு நிலையங்கள் ஆகியவற்றில் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பல கணினிகள் இதனால் பாதுகாப்பை இழந்து நிற்கின்றன. இது நடந்த மூன்றாம் மாதத்தில், 2026 ஜனவரியில், கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளமும் இடம்பெற்றுள்ளது.

இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வாய்ப்பு கண்ணில் படுகிறது. உரிமக் கட்டணம் இல்லாத, மூலநிரல் அனைவருக்கும் திறந்துள்ள ஓர் இயங்குதளம் பழைய கணினிகளுக்கு மறுவாழ்வு தரவல்லது. புதிய கணினிகளில் ஏற்கெனவே காத்திருக்கிறது. ஆனால், அதை முதன்முறையாகத் திறக்கும் மாணவர் தமிழில் எதைப் படித்துத் தெரிந்துகொள்வார்? அச்சுப்பொறியை இணைப்பது எப்படி, தமிழ்99 விசைப்பலகையை இயக்குவது எப்படி, இணையம் துண்டிக்கப்பட்டால் எங்கே பார்ப்பது என்ற எளிய வினாக்களுக்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இயங்குதளம் தரமானதா என்ற விவாதம் நம்மிடையே பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதற்கான கையேட்டை யார் எழுதுவது, யார் திருத்துவது, யார் பொறுப்பேற்பது என்ற விவாதம் தொடங்கவே இல்லை. கட்டற்ற மென்பொருள் ஆவணங்களைத் தமிழாக்கும் தன்னார்வலர்களோடு சில ஆண்டுகள் இருந்து பார்த்தவன் என்ற முறையில், இந்த இரண்டாவது கேள்விதான் முதலாவதைத் தீர்மானிக்கிறது என்று கருதுகிறேன்.

பாஸ் என்பது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். இது தில்லியிலோ பெங்களூரிலோ உருவானதன்று. சென்னையில் உள்ள சி-டாக் மையத்தின் படைப்பு. 2005-இல் மத்திய தகவல் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைக்கப்பட்டது. சி-டாக் சென்னையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் அதை இணைந்து நடத்தின. அதன் விளைவாக 2007 ஜனவரியில் பாஸ் முதல் பதிப்பு வெளியாயிற்று. உலகெங்கும் தன்னார்வலர்கள் பராமரிக்கும் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை அடித்தளமாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கான வசதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது அது.

தமிழக அரசும் லினக்ஸுக்குப் புதியதன்று. சி.உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், 2006-க்குப் பிறகு, அந்நிறுவனத்தின் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாற்றப்பட்டன. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்களின் கைகளுக்குச் சென்றன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு முடிவுக்கு வந்த தறுவாயில், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டன. அன்று எக்ஸ்.பி., இன்று விண்டோஸ் 10. கதவு மூன்றாம் நான்காம் முறையாகத் திறக்கிறது.

முந்தைய முறைகளில் என்ன நடந்தது என்பது அக்காலத்து ஆசிரியர்களுக்கும் கணினி பழுது நீக்குவோருக்கும் தெரியும். மடிக்கணினியைப் பெற்ற மாணவர்களில் பலர் பாஸ் லினக்ஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்த சிலர், வழி தெரியாமல் மூடிவிட்டனர். அந்த இடத்தையும் விண்டோஸுக்கே ஒதுக்கித் தரும்படி கடைகளுக்குக் கொண்டுசென்றோரும் உண்டு. இதை மாணவர்களின் ஆர்வமின்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. விண்டோஸில் ஐயம் ஏற்பட்டால் கேட்பதற்குப் பக்கத்து வீட்டு அண்ணன் இருந்தார்; கடைத்தெருவில் தமிழில் அச்சான மலிவு விலைப் புத்தகம் இருந்தது. லினக்ஸுக்கு அந்த அண்ணனும் இல்லை. அந்தப் புத்தகமும் இல்லை. பழகிய ஒன்றிலிருந்து புதிய ஒன்றுக்கு மாறுபவருக்குக் கையேடுதான் அந்த அண்ணன்.

இத்தகைய திட்டங்களில் கையேடே எழுதப்படுவதில்லை என்று நான் சொல்லவில்லை. எழுதப்படுகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், பக்கத்துக்கு இரண்டு மூன்று திரைப் படங்களுடன், ஒரு பிடிஎஃப் கோப்பாக, வெளியீட்டு விழாவை ஒட்டி ஒரே மூச்சில் எழுதப்படுகிறது. பிறகு எழுதியவர் வேறு பணிக்குச் சென்றுவிடுகிறார். மென்பொருள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் க்னோம் என்ற பணிமேடையின் 3-ஆம் பதிப்பு 2011 ஏப்ரலில் வெளியானது. அதுவரை திரையின் மேற்புறத்தில் பயன்பாடுகள், இடங்கள், கணினி அமைப்பு என்று மூன்று பட்டியல்கள் இருந்தன. புதிய பதிப்பில் அந்த அமைப்பே நீக்கப்பட்டது. 'இடப்பக்க மேல் மூலையில் உள்ள பட்டியலைச் சொடுக்கவும்' என்று தொடங்கிய அத்தனை கையேடுகளும் ஒரே வெளியீட்டில் செல்லாக்காசாயின. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு புதிய திரையின் முன் உட்காரும் மாணவர், தவறு தன்னுடையது என்றே எண்ணிக்கொள்வார். கையேடே இல்லாமல் இருப்பதைவிடக் காலாவதியான கையேடு அதிகக் கேடு விளைவிப்பது இதனால்தான்.

திறந்த மூல இயங்குதளத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அது ஒரே நிறுவனத்தின் பொருளன்று. கருநிரல் ஒரு குழுவிடமிருந்தும், பணிமேடை வேறொரு குழுவிடமிருந்தும், அலுவலக மென்பொருள் இன்னொரு குழுவிடமிருந்தும் வருகின்றன. டெபியன் அவற்றைத் தொகுக்கிறது. பாஸ் அதன் மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி ஆவணங்கள், தனித்தனி இடங்களில், தனித்தனி நடையில் உள்ளன. பயனருக்கோ இவை எல்லாம் ஒரே கணினி. அவருடைய கேள்வி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதை அவரே கண்டறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நோயாளி எந்தத் துறை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்து வரட்டும் என்பதைப் போன்றது. ஆவணங்களை ஒழுங்குபடுத்துதல் என்பது இந்தச் சிதறலைப் பயனரின் கேள்விக்கு ஏற்பத் திரட்டி வைப்பதே.

இந்தப் பணியை மதித்த திட்டங்கள் நெடுநாள் வாழ்ந்திருக்கின்றன. இன்றைய லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கி வந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் அதை உருவாக்கினர். அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவிலும் ஒரே வரிசையில் தலைப்புகள்: பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தொடர்புடைய பிற பக்கங்கள் எனச் செல்லும் அந்த வரிசையின் கடைசியில் இரண்டு தலைப்புகள் இருந்தன. ஒன்று, 'குறைகள்'. மற்றொன்று, 'உரியவர்'. இந்தக் கட்டளையில் எது சரியாக இயங்காது என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் அரசுக் கையேடுகளில் காண முடியாத இரண்டு தலைப்புகள் இவை.

அந்த மரபு தொடர்ந்தது. ஓபன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத் திட்டத்தில் கையேட்டில் உள்ள தவறும் நிரலில் உள்ள தவறுக்கு இணையாகக் கருதப்படுகிறது. ஃபிரீபி.எஸ்.டி. திட்டத்தில் ஆவணம் எழுதுவோருக்கென்றே தனிக் குழுவும், களஞ்சியத்தில் நேரடியாக மாற்றங்களைச் சேர்க்கும் உரிமையும் உண்டு. பாஸின் அடித்தளமான டெபியனின் கொள்கை ஏடு, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கையேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. இல்லையெனில் அதுவே ஒரு வழு என்று பதிவு செய்யப்படும்.

மாறாக நடந்ததற்கும் சான்று உண்டு. 1990-களில் தொடங்கிய லினக்ஸ் ஆவணத் திட்டம், 'எப்படிச் செய்வது' என்ற வரிசையில் நூற்றுக்கணக்கான வழிகாட்டிகளைத் திரட்டியது. ஒரு தலைமுறையே அவற்றைப் படித்து லினக்ஸ் கற்றது. ஆனால், எழுதியவர்கள் ஒவ்வொருவராக விலகியபோது அந்த ஏடுகளைப் புதுப்பிக்க ஆளில்லை. வழக்கொழிந்த வன்பொருள்களுக்கான குறிப்புகள் புதியவை போலவே இணையத்தில் தொடர்ந்தன. திரட்டுவது ஒரு பணி. காப்பது வேறொரு பணி. முன்னதற்கு ஆர்வம் போதும். பின்னதற்குப் பொறுப்பாளர் வேண்டும்.

ஆவணங்களை எந்த முறையில் ஒழுங்குபடுத்துவது என்பதிலும் உலகம் தெளிவடைந்திருக்கிறது. டேனியேலே புரோசிடா என்பவர் வகுத்த முறை இன்று பல திட்டங்களில் பின்பற்றப்படுகிறது. அவர் கேட்பது எளிய கேள்வி: படிக்க வருபவர் எந்த நிலையில் வருகிறார்? முதன்முறையாகக் கற்பவருக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பாடம் வேண்டும். வேலை நடுவில் சிக்கிக்கொண்டவருக்கு அந்த ஒரு வேலைக்கான படிகள் மட்டும் போதும். தேர்ந்தவருக்கு அகராதி போன்ற பார்வை ஏடு தேவை. ஏன் இப்படி அமைந்துள்ளது என்று சிந்திப்பவருக்கு விளக்கக் கட்டுரை வேண்டும். நான்கையும் ஒரே அத்தியாயத்தில் குழைத்துத் தரும்போது நால்வருமே பசியோடு திரும்புகிறார்கள். நம் கையேடுகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகையைச் சார்ந்தவை. நம் மாணவர்களுக்குத் தேவைப்படுபவை முதல் இரண்டு வகைகள்.

இந்த இடத்தில் நான் வசிக்கும் பூந்தமல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்ரோ ரயில் பாலமும் புறவழிச்சாலை நெரிசலும் அடையாளமாகிவிட்ட இவ்வூருக்கு வேறொரு முகம் உண்டு. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இங்குதான் இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்குதான் இருக்கிறது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பார்வையற்ற மாணவர்கள் கல்வி தேடி வரும் ஊர் இது. இயங்குதளக் கையேடு ஒன்று உருப்படியானதா என்று அறிய வேண்டுமானால் அதைச் சோதிக்க இவ்வூரைவிடத் தகுந்த இடம் இல்லை.

காரணம் வெளிப்படையானது. பார்வையற்ற ஒருவர் கணினியைக் காதால் பயன்படுத்துகிறார். திரை வாசிப்பு மென்பொருள் திரையில் உள்ள எழுத்துகளை ஒலியாக்கித் தருகிறது. லினக்ஸில் இதற்கென ஆர்கா என்ற மென்பொருள் இருக்கிறது; ஈஸ்பீக் என்ற ஒலிப்பான் தமிழிலும் பேசும். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள்; கட்டணம் இல்லை. விலை உயர்ந்த வணிகத் திரை வாசிப்பு மென்பொருள்களை வாங்க இயலாத ஒரு கிராமத்து மாணவருக்கு இவை எத்தகைய விடுதலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், கையேடு என்ன சொல்கிறது? 'கீழே படத்தில் காட்டியுள்ள சின்னத்தைச் சொடுக்கவும்' என்கிறது. படத்துக்கு மாற்று விவரிப்பு இல்லை. ஆர்கா அந்த இடத்தில் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அத்துடன் அந்த மாணவரின் பாடமும் முடிந்துவிடும்.

அதே செய்தியை வேறு விதமாக எழுதலாம். 'ஆல்ட் விசையையும் எஃப்2 விசையையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் ஓ, ஆர், சி, ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி எண்டர் விசையை அழுத்துங்கள். சில நொடிகளில் கணினி பேசத் தொடங்கும்.' இவ்வாறு எழுதினால் பார்வையற்றவர் கேட்டுச் செய்வார். பார்வையுள்ளவர் படித்துச் செய்வார். ஆசிரியர் வகுப்பில் உரக்க வாசித்து நாற்பது பேரைச் செய்ய வைப்பார். தொலைபேசியில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார். அடுத்த பதிப்பில் சின்னத்தின் நிறமோ இடமோ மாறினாலும் இந்த வரிகள் பெரும்பாலும் செல்லுபடியாகும். பார்வையற்றோருக்காக எழுதப்படும் ஆவணம் மற்றவர்களுக்கும் நீண்ட காலம் பயன்படும் ஆவணமாகிவிடுகிறது.

இது கருணையின் பாற்பட்ட கோரிக்கை அன்று, சட்டத்தின் பாற்பட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 42-ஆவது பிரிவு, மின்னணு வடிவில் உள்ள உள்ளடக்கங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருப்பதை உறுதி செய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு, தகவல் தொடர்புத் தொழில்நுட்பப் பொருள்களுக்கான அணுகல் தரத்தை ஐ.எஸ். 17802 என்ற எண்ணில் 2021-இலும் 2022-இலும் இரு பகுதிகளாக வெளியிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் ஆகாது, கட்டாயமானவையாக வகுக்கப்பட வேண்டும் என்று கூறியது. பொதுப்பணத்தில் வழங்கப்படும் கணினியோடு வரும் கையேட்டை இந்தக் கடமையிலிருந்து விலக்கிவைக்க எந்த நியாயமும் இல்லை.

'பார்வையற்ற மாணவர்கள் பெரும்பாலும் விண்டோஸில் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளையே பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு லினக்ஸ் எதற்கு?' என்று கேட்கப்படலாம். உண்மைதான். ஆனால், அந்த என்.வி.டி.ஏ.வும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர்கள் இருவர் 2006-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருளே. அதன் பயனர் வழிகாட்டி, தலைப்புகளாகவும் உட்தலைப்புகளாகவும் பகுக்கப்பட்ட எளிய உரை. தன்னார்வலர்களின் உழைப்பால் அது தமிழிலும் கிடைக்கிறது. மென்பொருள் பரவியதற்கு அந்த வழிகாட்டியும் ஒரு காரணம் என்பதே என் எண்ணம். ஆகவே, என்.வி.டி.ஏ. என் வாதத்துக்கு எதிரான சான்று அன்று, துணையான சான்று.

தமிழில் இந்தப் பணிக்கு ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. பணிமேடைகளைத் தமிழாக்கும் முயற்சி, உலகெங்கும் உள்ள தமிழர்களின் கூட்டுழைப்பாக இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2012-இல் தொடங்கப்பட்ட 'கணியம்' மின்னிதழ், லினக்ஸ் முதல் தரவுத்தளம் வரை எளிய தமிழில் தொடர்களாக வெளியிட்டு, அவற்றை யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்துடன் நூல்களாக்கி வழங்கியது. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், திறந்த மூல மென்பொருள்களுக்கான சிறு காணொலிப் பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒலிப்பதிவு செய்து தருகிறது. அத்திட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாடத்தின் எழுத்து வடிவம் முதலில் உருவாகும். அந்த மென்பொருளை அறியாத புதியவர் ஒருவர் அதைப் படித்துச் செய்து பார்ப்பார். அவருக்குப் புரிந்த பிறகே ஒலிப்பதிவு. அறிந்தவர் எழுதி, அறிந்தவரே சரிபார்த்து, அறியாதவருக்குக் கொடுக்கும் நம் நடைமுறைக்கு இது நல்ல மாற்று.

அண்டை மாநிலமான கேரளம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்குப் பள்ளிக் கணினிகள் அனைத்தும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்பட்டபோது, கையேட்டைத் தனி ஏடாக அச்சிட்டு அலமாரியில் வைக்கவில்லை. தகவல் தொழில்நுட்பப் பாடநூலே கையேடாயிற்று. பள்ளிகளுக்கென உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் நிறுவனம் தயாரித்து வழங்கும் இயங்குதளமும், வகுப்பு வாரியான பாடநூலும், ஆசிரியர் பயிற்சியும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. அங்குள்ள மொழிச் சிறுபான்மையினருக்காக அப்பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழியில் பயிலும் ஒரு மாணவருக்குக் கிடைப்பது, திருவள்ளூர் மாவட்ட மாணவருக்கு இல்லை என்பது சற்றே வருத்தத்துக்குரியது.

எனவே, தேவைப்படுவது புதிய கண்டுபிடிப்பு ஏதும் அன்று. சிதறிக் கிடப்பதை ஒருங்கிணைக்கும் நிர்வாக முடிவு. அதன் கூறுகளாக நான் கருதுபவை ஐந்து.

முதலாவது, பொறுப்பு. சி-டாக் சென்னை, எல்காட், தமிழ் இணையக் கல்விக்கழகம், பள்ளிக் கல்வித் துறை ஆகியவற்றிலிருந்து ஆள்களை எடுத்து, முழுநேர ஊதியத்துடன் ஒரு சிறு ஆவணக் குழு அமைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதற்குப் பொறுப்பான பிரிவு, கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி, பொருந்தும் பதிப்பு ஆகியவை இடம்பெற வேண்டும். 1971-இல் இயன்றது 2026-இல் இயலாதா?

இரண்டாவது, பதிப்பிசைவு. ஆவணமும் மென்பொருளைப் போலவே களஞ்சியத்தில் வைக்கப்பட்டு, ஒவ்வொரு வெளியீட்டோடும் சேர்ந்து வெளிவர வேண்டும். உரிய பக்கங்கள் சரிபார்க்கப்படாமல் புதிய பதிப்பு வெளியாகக் கூடாது. கையேடு கணினிக்குள்ளேயே நிறுவப்பட்டிருக்க வேண்டும். இணையம் இயங்காதபோது இணையத்தைச் சரிசெய்வது எப்படி என்று இணையத்தில் தேடச் சொல்வது பொருளற்றது.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு ஒழுங்கு. மென்பொருள் இடைமுகங்களை மொழிபெயர்ப்பதில் ஒரு நல்ல உத்தி கையாளப்படுகிறது. மூல வாக்கியம் மாறியதும் அதன் மொழிபெயர்ப்பு 'ஐயத்துக்குரியது' என்று தானாகவே குறிக்கப்பட்டுவிடும்; யாரேனும் சரிபார்க்கும்வரை பயனருக்கு அந்த வரி மட்டும் ஆங்கிலத்தில் தெரியும். பழைய தமிழ் வாக்கியம் புதிய உண்மையைப் போல நடிப்பதில்லை. ஆவணங்களையும் இவ்வாறே மொழிபெயர்க்கும் கருவிகள் ஏற்கெனவே உள்ளன. மேலும், கையேட்டில் வரும் சொல்லும் திரையில் தெரியும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். கையேடு 'அமைப்புகள்' என்றும் திரை 'அமைவுகள்' என்றும் சொன்னால், பயனர் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். தூய்மையான சொல் எது என்ற விவாதத்தைவிட, எல்லா இடத்திலும் ஒரே சொல் என்ற ஒழுங்கு முக்கியமானது.

நான்காவது, சோதனை. எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் வெளியிடும் முன்பு பூந்தமல்லிப் பள்ளியின் மாணவர்கள் திரை வாசிப்பு மென்பொருள் மூலம் கேட்டு, செய்து பார்க்கட்டும். அவர்களால் இறுதிவரை செல்ல முடிந்தால் மட்டுமே அது வெளியிடத் தகுந்தது. இந்தப் பணிக்கு அவர்களுக்கு மதிப்பூதியம் தரப்பட வேண்டும். உதவி பெறுவோர் என்ற நிலையிலிருந்து தரத்தை நிர்ணயிப்போர் என்ற நிலைக்கு அவர்கள் உயர்வார்கள்.

ஐந்தாவது, பங்கேற்பு. திருத்தம் தெரிவிக்கும் வழி ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். தெரிவித்தவரின் பங்களிப்பு பதிவாக வேண்டும். 'நான் முதல்வன்' போன்ற திறன் பயிற்சித் திட்டங்களில் பயிலும் கல்லூரி மாணவர்களுக்கு, ஒரு பக்கத்தைப் பொறுப்பேற்று ஓராண்டு பராமரிப்பதைப் பயிற்சிப் பணியாகவே வழங்கலாம். தெளிவாக எழுதும் திறன், மென்பொருள் துறையில் நிரல் எழுதும் திறனுக்கு அடுத்தபடியாகத் தேடப்படும் திறன் என்பதை அவர்கள் அறிந்துகொள்வார்கள்.

'இனி செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, கையேடு எதற்கு?' என்பது இன்று எழும் மறுப்பு. மடிக்கணினித் திட்டத்திலேயே அத்தகைய சேவை ஒன்றின் ஆறு மாதச் சந்தாவும் சேர்த்துத் தரப்படுகிறது. ஆனால், உரையாடும் மென்பொருள்கள் விடைகளை எழுதப்பட்ட ஆவணங்களிலிருந்தே கற்கின்றன. தமிழில், பாஸ் லினக்ஸ் குறித்து, பதிப்பு குறிப்பிட்ட நம்பகமான உரை இல்லாத நிலையில், அவை வேறொரு வெளியீட்டின் வேறொரு பதிப்புக்கான படிகளை உறுதியான குரலில் சொல்லக்கூடும். புதியவரால் அதைப் பிரித்தறிய இயலாது. சந்தாக் காலம் முடிந்த பிறகும், இணையம் எட்டாத இடத்திலும் அவர் என்ன செய்வார் என்ற கேள்வியும் இருக்கிறது. நல்ல கையேடு இருந்தால் அந்த மென்பொருள்களும் நல்ல விடை தரும்.

செலவு என்றொரு மறுப்பும் வரலாம். கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கணினி வழங்கும் இத்திட்டத்துக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ரூ.2 கோடி. மேற்சொன்ன சிறு குழுவைச் சில ஆண்டுகள் நடத்த அதுவே தாராளமாகப் போதும். கணினிப் பையின் மீது அச்சிடப்படும் படத்துக்குச் செலுத்தும் கவனத்தில் ஒரு பகுதியைக் கணினிக்குள் இருக்க வேண்டிய எழுத்துக்கும் செலுத்தலாம்.

மென்பொருளைத் திறந்த மூலமாக வைப்பது, யார் வேண்டுமானாலும் அதைக் கற்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமையை அளிக்கிறது. கற்பதற்கான எழுத்து இல்லாதபோது அந்த உரிமை, ஏற்கெனவே கற்றவர்களின் தனிச்சொத்தாகச் சுருங்கிவிடுகிறது. மூலநிரல் திறந்திருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை. சென்னையில் உருவான ஓர் இயங்குதளத்துக்கு, பூந்தமல்லியில் பயிலும் பார்வையற்ற மாணவர் ஒருவர் யார் துணையுமின்றிக் கேட்டுக் கற்கத்தக்க தமிழ்க் கையேட்டை உருவாக்குவதை, அடுத்த கட்ட மடிக்கணினி வழங்கலுக்கு முன் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனையாகத் தமிழக அரசும் சி-டாக் மையமும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.